விருந்தாளிக்குக் கொடுத்த தண்ணீர்

டீச்சரம்மா,

அன்றைக்கு எங்கள் கிணற்றடியில் இருந்தவர்கள்: நான், என் நாத்தனார் பாக்கியம், தோல் பதனிடும் ஷாப் மேஸ்திரி காதர் பாய், பஞ்சாயத்துத் தலைவர் ராசப்பன், தண்ணீரைச் சோதிக்கக் கல்லூரியிலிருந்து வந்த நீங்கள். ஒருவரையும் மறக்கவில்லை. இன்று காலை புதுக் குழாய்த் தண்ணீரில் துவரம்பருப்பு போட்டேன். மலர்ந்து வெந்துவிட்டது. அந்த வாசத்தில் உங்கள் நினைப்பு வந்தது.

ஷாப் கழிவு இறங்கிக் கிணறு கெட்டிருந்த காலம். கெட்டது என்று நிரூபித்தால்தான் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் கேட்க முடியும் என்றீர்கள். கிணற்றுத் தண்ணீருக்காக நீங்கள் நீட்டிய பாட்டிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போன பாக்கியம் நிறைத்துக் கொண்டுவந்தாள். உங்கள் கருவியை அதில் முக்கிப் பார்த்துவிட்டு முழித்தீர்கள்.

"இது எந்தத் தண்ணி பாக்கியம்?"

"லாரித் தண்ணி டீச்சர். வீடு தேடி வந்தவுகளுக்கு அந்தச் சாக்கடையவா குடுக்கச் சொல்றீக?"

"நல்லவேளை தங்கச்சி, சர்பத்துக் கலக்காம விட்டியே!" என்றார் காதர் பாய்.

நீங்களும் சிரித்தபடி கயிற்றைப் பிடித்து நீங்களே இறைத்தீர்கள். ராசப்பன் சிரிக்கவில்லை.

சோதனையில் கிணறு கெட்டது என்றே வந்தது. கிராம சபையில் ராசப்பன் எழுந்தான். "அந்தம்மா பாட்டில்ல மருந்தக் கலந்துட்டு ஊரக் கெடுக்குது. ஷாப்ப மூடுனா அம்புட்டுப் பேரும் பட்டினிதான்!" நீங்கள் மூடச் சொல்லவே இல்லை, கழிவைச் சுத்தம் செய்து வெளியே விடச் சொன்னீர்கள். கூலிக்குப் போகிறவர்கள் பயந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். வெளியே வந்து சொன்னீர்கள்: "நான் தண்ணியப் பத்திச் சொன்னேன். அவரு காதுல ஓட்டாத்தான் விழுந்துச்சு."

அந்தச் சோதனை முடிவு பல தேர்தல்கள் தாண்டியும் ஆபீசில் தூங்கியது. கடைசியில் காதர் பாய்தான் ஷாப் ஆட்களைத் திரட்டிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றார். "வேலையும் வேணும், தண்ணியும் வேணும்" என்று வேலைக்காரர்களே கேட்டபோது, பட்டினிப் பேச்சு எடுபடவில்லை. உங்கள் சோதனை முடிவைத் தேடியெடுத்தார்கள். கழிவைச் சுத்தம் செய்ய இயந்திரம் வந்தது. போன மாதம் குழாயும் வந்தது. பேத்தி முகம் சுளிக்காமல் குடித்தாள். என் நெஞ்சுப் பாரம் இறங்கியது. அதைப் பார்க்க நீங்கள் இல்லை.

பாக்கியத்தை அன்றே மன்னித்தேன். ஷாப் முதலாளியையும், தலைகுனிந்த ஊரையும் மன்னித்துவிட்டேன். அவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருந்தது. குழாய்த் திறப்பில் மாலையோடு மைக்கைப் பிடித்து, "கெணறு கெட்டுப்போச்சுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஒருவன் பேசினான். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறங்கி வந்து என்னைக் கும்பிட்டான். நான் கையெடுக்கவில்லை. சாகிற மட்டும் எடுக்கமாட்டேன், அந்த ராசப்பனுக்கு.