என் நரை எங்கே?

ஜூன் 2

அன்புள்ள வாலுவுக்கு,

படம் வந்தது. கடிகாரக்காரரும் நானும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளும் அன்று கூடத்தில் மாட்ட, இருவரும் சேர்ந்து நிற்கிற படம் கேட்டிருந்தேன். கணினியிலேயே வரைந்து அனுப்பிவிட்டாய். உன் கையே கை. அவர் சட்டைப் பொத்தானில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தப்பவில்லை. வழுக்கையில் டியூப் லைட் மின்னுகிறது. "பையன் என்னை நல்லாத்தான் கவனிச்சிருக்கான்" என்று சிரித்தார்.

ஆனால் பக்கத்தில் நிற்பது யார்? கருகருவென்று பின்னலை முன்னால் எடுத்துப் போட்டிருக்கும் அந்தப் பெண்மணி யார்? நான் முடியை வெட்டி மாதங்கள் ஆகின்றன. கழுத்துக்கு மேலே நிற்கிறது, முக்கால்வாசி நரை. நாங்கள் இருவரும் நிற்கிற புகைப்படம் அனுப்பினேனே. அவர் வழுக்கையை இவ்வளவு உண்மையாக வரைந்தவனுக்கு என் நரை மட்டும் கண்ணில் படவில்லையா? மாற்றி அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

ஜூன் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. குட்டை முடி படத்தில் எடுபடாது. அந்தப் பின்னலுக்கு எவ்வளவு உழைத்தேன் தெரியுமா? முதலில் மொத்த வடிவமும் ஒரே இருட்டாக. பிறகு கற்றை கற்றையாக வெளிச்சம். கடைசியில் நெற்றியோரம் பறக்கும் ஒற்றை முடிகள். இங்கே பார்த்தவர்கள் புகைப்படம் என்றே நினைத்தார்கள்.

எனக்குத் தெரிந்த அம்மா அப்படித்தான் இருப்பாள். அப்பா இருந்திருந்தால் வெட்ட விட்டிருப்பாரா?

இதையே மாட்டிக்கொள். இருபதாம் தேதி கல்யாணத்துக்கு வருவது சந்தேகம். வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

உன் வாலு

ஜூன் 9

வாலு,

விட்டிருக்க மாட்டார். உன் அப்பா நல்ல மனிதர், அவருக்காக நான் அழுத அழுகை உனக்குத் தெரியும். அது வேறு. அந்தப் பின்னலை அவர் ஒரு நாளும் வாரிவிட்டதில்லை. வெட்டக்கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு பள்ளி வேனை ஓட்டி, தலைவலியோடு திரும்பியது நான். வெட்டிய அன்று கண்ணாடியை இறக்கிவிட்டு வேனை எடுத்தேன். பின்கழுத்தில் காற்று பட்டது. இந்த வயதில் முதல் முறையாக.

உன் அத்தை ஃபோன் செய்து, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றாள்.

"முடியைக் கேக்கறியா, கல்யாணத்தையா?"

"ரெண்டையும்தான்."

"ரெண்டும் தேவைதான்" என்று வைத்துவிட்டேன்.

நீ பாடம் நடத்துகிற வீடியோக்களை நான் பார்க்காமலா இருக்கிறேன்? "மனசுல இருக்கற முடியை வரையாதீங்க, கண்ணு முன்னாடி இருக்கறதை வரையுங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறாய். பெற்றவளுக்கு மட்டும் வேறு பாடமா?

அந்தப் படத்தை மாட்ட மாட்டேன். நீ வரையாவிட்டால் சுவர் வெறுமையாக இருக்கும். நீ வராவிட்டால் எனக்கு வலிக்கும். கல்யாணம் நடக்கும். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்கிறேன்.

அம்மா

ஜூன் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

பின்னலை அழித்ததும் நீ யாரோ மாதிரித் தெரிந்தாய். கணினியை மூடிவைத்துவிட்டேன். திறந்தேன், மறுபடி மூடினேன். நேற்றுதான் உன் புகைப்படத்தைப் பெரிதாக்கி உட்கார்ந்து பார்த்தேன்.

நரை வெள்ளை இல்லை அம்மா. ஜன்னல் பக்கம் நீலம், சுவர்ப் பக்கம் லேசான மஞ்சள், உச்சியில் இன்னும் கொஞ்சம் கறுப்பு. குட்டை முடி எடுபடாது என்றது பொய். நீள முடியை வரைந்து வரைந்து எனக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. இது ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கிறது, அடங்கவே மாட்டேன் என்கிறது. காதுக்குக் கீழே உனக்கு ஒரு மச்சம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. பின்னல் போனதும் உன் தோளும் அவர் தோளும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. புகைப்படத்திலும் அப்படித்தான். நான்தான் நடுவில் பின்னலைத் தொங்கவிட்டிருந்தேன்.

படம் இத்துடன் இருக்கிறது. இருபதாம் தேதி காலை வந்துவிடுவேன். அவரை நான் என்ன சொல்லிக் கூப்பிடப்போகிறேன் என்று மட்டும் இப்போதே கேட்காதே.

வாலு