கடைசிப் பத்தில் ஒரு மணி

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, அத்தானுக்கும்கூட. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. இங்கே எல்லோரும் சுகம். நீயும் குட்டிப்பயலும் நலம் என்று இன்று காலை அத்தான் போனில் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. வழக்கமாக அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதி, கீழே இப்படிக்கு அம்மா என்று நானே போடுவேன். இது அப்படியில்லை, என் கடிதம். எல்லோரும் படுத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

அக்கா, அம்மாவின் ஜெபமாலையை நான் அறுத்துவிட்டேன். வேதியியல் பரீட்சை அன்று கேட்காமல் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எழுந்தபோது பெஞ்சில் மாட்டி அறுந்து, மணியெல்லாம் ஹால் முழுக்க உருண்டது. மேற்பார்வைக்கு வந்த டீச்சர், ஏண்டி, பரீட்சைக்கு வந்தியா மிளகு விக்க வந்தியா என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு அழுகை வந்தது. பொறுக்கி எண்ணினால் ஐம்பத்தொன்பதுக்கு ஐம்பத்தெட்டுதான். பட்டன் தைக்கும் நூலில் கோத்து, அம்மா வருவதற்குள் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். மணிக்கு ஒரு ஜெபம், பத்துக்குப் பத்து மணி வேண்டும்; கடைசிப் பத்தில் ஒன்பது மணிதான் நின்றது. அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் அம்மா, இன்னையிலேருந்து கடைசிப் பத்து மூத்தவளோட பிரசவத்துக்கு என்றாள். தினமும் உனக்கு மட்டும் ஒரு அருள் நிறைந்த மரியே குறைகிறதே. மறுவாரமே குழந்தையின் தலை திரும்பவில்லை என்று டாக்டர் சொன்னாராம். என்னால்தான் என்று நினைத்தேன். பயத்தில் ஜெபத்தின்போது எண்ணக்கூட மாட்டேன், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அந்த ஒன்றைப் போர்வைக்குள் தனியாகச் சொல்லி ஈடுகட்டினேன். சொல்லாமல் தூங்கிப்போன நாள் இரண்டு உண்டு, மன்னித்துவிடு.

இன்று உனக்காக நன்றி ஜெபம். அப்பா வழக்கம்போல் சுவரில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் பதில் சொன்னார். எனக்குத் துணிச்சல் வந்து, கடைசிப் பத்தை விரல்விட்டு எண்ணினேன். பத்து இருந்தது. ஒன்பதாவது மணியிலேயே கட்டைவிரலை வைத்து அம்மா இரண்டு முறை சொன்னாள். தடுமாறவே இல்லை, பழகின கை. அப்படியானால் முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். உனக்கு ஒன்றுகூடக் குறையவில்லை அக்கா. நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இப்போது அதுதான் பயம்.

பச்சை உடம்பு, பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே. குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு, போனை நோண்டாதே. பார், அம்மா மாதிரியே எழுதுகிறேன், கை பழகிவிட்டது. மாதா உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும். வரும்போது கறுப்பு மணி ஒன்றே ஒன்று, மிளகைவிடக் கொஞ்சம் பெரியதாக, மறக்காமல்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். தூங்காம என்னடி பண்றே, ஊசியும் நூலும் எடுத்துட்டுக் கதவைத் திற, உன் பாவாடை மடிப்புல கிடந்த மணி எங்கிட்டதான்