நாற்பத்தெட்டு மொட்டைத் தலைகள்

திங்கட்கிழமை, பள்ளி விட்டு வந்ததும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. நலமாக இருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

உங்கள் பயிற்சி முகாமிலிருந்து இன்று காலை ஒரு பெரிய உறை வந்தது. தபால்காரர் அதை வீட்டில் போடாமல் பள்ளிக்கே கொண்டுவந்து, "முத்திரையப் பாத்தேன், உங்க பையன் இருக்கிற இடம்னு தெரிஞ்சுது, அதான் நேரா வந்துட்டேன்" என்று கையில் கொடுத்தார். நான் வாசலில் நின்று பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புகிற நேரம். ஒரு கையில் உறை, இன்னொரு கையில் அம்மாவை விட்டுப் பிரியமாட்டேன் என்று அழுகிற ஒரு வாண்டு. உறையை எப்படிப் பிரித்தேன் என்று கேட்காதே, பல்லால்தான்.

உள்ளே பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு அழைப்பு, இரண்டு பேருக்கு அனுமதிச் சீட்டு, அப்புறம் உங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து எடுத்த போட்டோ. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தெட்டுப் பேர். எல்லோருக்கும் ஒரே மொட்டை, ஒரே சட்டை, வெயிலுக்கு ஒரே மாதிரி சுருங்கிய கண். கீழே பெயர் எதுவும் போடவில்லை. முதலில் பகீரென்றது. பிறகு இரண்டாவது வரிசையில் இடமிருந்து நான்காவதாக உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன். கன்னம் இரண்டும் வீட்டிலிருந்து போனபடியே இருக்கின்றன. சிரித்துக்கொண்டு வேறு நிற்கிறாய். சாப்பாடு எப்படியோ என்று நான் எட்டு வாரமாகக் கவலைப்பட்டதெல்லாம் வீண். தினமும் அறுபது குழந்தைகளைச் சரியான அப்பா அம்மா கையில் ஒப்படைக்கிறவள் நான். பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளையை மாற்றிக் கொடுத்ததில்லை. என் பிள்ளையையா விட்டுவிடுவேன்?

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நீ இந்தப் பயிற்சியில் சேர்ந்தது பிடிக்காமல், போனதிலிருந்து அவர் உன் பேச்சையே எடுப்பதில்லை. இதை இதுவரை உனக்கு எழுதவில்லை, எழுதாமலே உனக்குத் தெரிந்திருக்கும். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் கடையில் போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஒட்ட வெட்டிவிடுங்கப்பா என்றாய். அவர் கத்தரியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். மறுநாள் பஸ் நிலையத்துக்கும் வரவில்லை, நாற்காலியில் ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். ஆள் இருந்ததா இல்லையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. நீ பஸ்ஸில் ஏறும்வரை தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தேன்.

இன்று மத்தியானம் போட்டோவைக் கொண்டுபோய்க் கடைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவருக்குச் சவரம் நடந்துகொண்டிருந்தது. நான் பாட்டுக்கு, பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டரிடம், இவன்தான் என்று தொட்டுக் காட்டினேன். அவ்வளவுதான். முகத்தில் பாதி நுரையோடு அந்த ஆளை அப்படியே விட்டுவிட்டுக் கத்தியும் கையுமாக வந்துவிட்டார். "இவன் எங்க அவன்? மேல் வரிசையில கடைசியா நிக்கிறான் பாரு. அந்தத் தோளப் பாத்தாத் தெரியல?" என்றார். மேல் வரிசையில் நிற்க உன் உயரம் பத்தாதே என்றேன். அவ்வளவு உடற்பயிற்சி செய்தால் நாலு விரல் வளரமாட்டானா என்று கேட்கிறார். எட்டு வாரத்துக்குப் பிறகு உன்னைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு இது. சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று ஒரு நிமிஷம் திகைத்தேன். சண்டையே போட்டேன்.

அணிவகுப்புக்கு வருவீர்களா என்று கேட்டதற்கு, கடையை யார் பார்ப்பது என்றார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை, கவனித்தாயா?

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். முன்வரிசையில் வலது ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற பையன் யார்? ஒல்லியாக, கழுத்தெலும்பு தெரிய, காது இரண்டும் விரிந்துகொண்டு, பார்க்கவே பாவமாக இருக்கிறான். அவனைப் பெற்றவள் இந்தப் போட்டோவைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது. உன் தட்டில் இருப்பதில் அவனுக்கும் கொஞ்சம் வை.

கால் பத்திரம். பூட்ஸுக்குள் காய்ந்த காலுறை போடு.

அன்புடன்,
அம்மா

வெள்ளிக்கிழமை

அன்பு மகனுக்கு,

அவசரமாக நாலு வரி. கடையில் வாக்கெடுப்பு நடந்து முடிந்தது. வருகிறவர்களிடமெல்லாம் போட்டோவைக் காட்டி, "இதுல எம் பையன் எது, சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார் உன் அப்பா. அவர் சொன்ன பையனுக்கு இருபத்திரண்டு ஓட்டு, நான் சொன்ன பையனுக்குப் பதினான்கு. கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டால் யார்தான் எதிர்த்து ஓட்டுப் போடுவார்கள்? இது செல்லாது என்று சொல்லிவிட்டேன். உன் அக்கா வந்து பார்த்து, ரெண்டுமே அவன் மாதிரி இல்லையே என்கிறாள். அவள் கண்ணாடியை மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது.

காலையில் கடை திறந்ததும் கண்ணாடியைத் துடைக்கிற துணியாலேயே அந்த மேல் வரிசைப் பையன் முகத்தையும் ஒரு துடை துடைக்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு. அனுமதிச் சீட்டில் ஒன்று என் பெட்டியிலிருந்து அவர் சட்டைப் பைக்குப் போயிருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

எந்த வரிசை, எத்தனையாவது என்று உடனே பதில் எழுது. அவர் முகம் போகிற போக்கை நான் பார்க்கவேண்டும்.

அம்மா

வியாழக்கிழமை

என் தங்கமே,

உன் கடிதம் நேற்று வந்தது. அப்பாதான் பிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் கடையில் இருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே படித்தார். "ரெண்டு பேரும் நான் இல்ல. முன்வரிசை ஓரத்துல பாவமா ஒருத்தன்னு எழுதியிருந்தியே, அவன்தாம்மா நான். அவனுக்கும் கொஞ்சம் வைக்கச் சொன்னே, வச்சேன், ரெண்டு பங்கா சாப்பிட்டுட்டான்" என்ற இடம் வந்ததும் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார்.

முதலில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஸ்டேஷன் மாஸ்டரும் சிரித்தார். பிறகு போட்டோவைக் கையில் எடுத்து அந்த ஓரத்தைப் பார்த்தேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்தக் கழுத்தெலும்பு உன்னுடையதா? கொழுகொழுவென்று ஒரு பையனை நான் தேடியிருக்கிறேன், தோள் அகன்ற ஒரு பையனை அவர் தேடியிருக்கிறார், நீ முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை சீருடையில் இருந்தால் அடையாளம் தெரியாமல் விழிக்கிற அப்பாக்களைப் பள்ளி வாசலில் எவ்வளவு கேலி செய்திருப்பேன். இனி செய்யமாட்டேன்.

அப்பா வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டுப் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்தக் காத நான் வெளிய விட்டதே இல்ல" என்றார் ஒரு நேரம். எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் காதைச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாயே, அன்றிலிருந்து உன் காதை மூடி முடியை விட்டே வெட்டியிருக்கிறார். பதின்மூன்று வருஷம். குளிப்பாட்டும்போது நான் துடைத்துவிட்ட காதுகள்தான், எனக்கே மறந்துபோகிற அளவுக்கு மறைத்துவைத்திருக்கிறார். நீ ஒட்ட வெட்டச் சொன்னபோது அவர் எழுந்து போனதற்குக் கோபம் மட்டும்தான் காரணம் என்று நாம் நினைத்தோம். கோபமும் இருந்தது, இல்லை என்று நான் பூசி மெழுகமாட்டேன். ஆனால் அந்தக் கத்தரியைப் போட அவருக்குக் கை வரவில்லை. இதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். நான் சொல்கிறேன்.

இனிமேல்தான் வேடிக்கை. இன்று காலை முடி எடுக்கிற மெஷினை என் கையில் கொடுத்து, ஒட்ட எடு என்றார். யாருக்கு என்று கேட்டேன். எனக்குத்தான் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பழக்கமில்லாமல் மூன்று இடத்தில் படிப்படியாகப் போய்விட்டது, அவரே கண்ணாடியைப் பார்த்துச் சரிசெய்துகொண்டார். முடி போனதும் பார்த்தால், உன் காதுகள் அவர் தலையில் இருக்கின்றன. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், அந்த மனிதர் தன் காதையும் என்னிடமிருந்து மறைத்தே வைத்திருந்திருக்கிறார். இப்போது ஓட்டுப் போட்ட ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "இதான் எம் பையன், காதப் பாருங்க, அச்சு என் காது" என்று போட்டோவுக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் முகாமுக்கு நாற்பத்தொன்பதாவது மொட்டை தயார்.

கடைக் கதவில் அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்: நான்காம் தேதி கடை இல்லை, மகன் அணிவகுப்பு. பஸ்ஸில் இடம் பிடித்தாகிவிட்டது, டிரைவருக்குப் பின்னாலேயே. சட்டை தேய்த்து வைத்தாகிவிட்டது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று சொன்னால் கேட்பதில்லை. நானும் ஒன்றும் குறைச்சலில்லை, செருப்பைத் துடைத்து வைத்துவிட்டேன். அந்தக் கன்னத்துப் பையனையும் தோள்காரப் பையனையும் எங்களுக்குக் காட்டு. ஒரு வாரம் எங்கள் பிள்ளைகளாக இருந்தவர்கள், சும்மா விட்டுவிட்டுப் போக மனம் வராது.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். மைதானத்தில் மறுபடியும் நாற்பத்தெட்டுப் பேர் ஒரே மாதிரி நிற்பீர்கள். இந்தத் தடவை நானே கண்டுபிடிப்பேன், நீ கையை நீட்டிக் காட்டிவிடாதே என்று அப்பா என்னிடம் உறுதி வாங்கியிருக்கிறார். கலைந்து போகச் சொன்னதும் மற்றப் பிள்ளைகள் பெற்றவர்களிடம் ஓடி வருவார்கள். நீ ஓடி வராதே. கையை ஆட்டாதே. நின்ற இடத்திலேயே நில். பஸ் நிலையத்துக்கு அன்று நடக்காமல் விட்ட நடையை அவர் அங்கே நடந்து வரட்டும். கூட்டமாக இருக்கும், அவருக்கு முழங்கால் வலி வேறு, நேரமாகலாம். நடுவில் தப்பான பையன் முன்னால் போய் நின்றாலும் நிற்பார். பொறுத்துக்கொள், கண்ணு. பத்து வாரமாக அசையாமல் நிற்கத்தானே உன்னைப் பழக்கியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன்னை முதலில் பார்த்துவிட்டாலும் வாய் திறக்காமல் நிற்கப்போகும்
அம்மா