பிடிச்சதெல்லாம் குடுங்க

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பில் தெம்போடு இருக்க வேண்டும். இங்கே அனைவரும் நலம் என்று அடுத்த வரியை எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அதை எழுதவில்லை, கவனித்துக்கொள். போனில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள், என் குரலும் ஒரு வாக்கியத்துக்கு மேல் நிற்காது. அதனால் எழுதி, தாளைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

போன மாதம் உனக்குச் சந்தோஷமாக ஒரு கடிதம் போட்டேனே, நினைவிருக்கிறதா. அம்மாவின் சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா, இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், "அவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் குடுங்க" என்று சொல்லிவிட்டார், பத்தியம் போயே போயிற்று, நீ அடித்துப்பிடித்து ஓடி வராதே, அங்கே வேலை ஒப்பந்தத்தை முடித்துவிட்டு வருஷக் கடைசியில் வந்தால் போதும் என்று எழுதியிருந்தேன். அன்று வழியிலேயே ஐஸ்கிரீம் வாங்கினேன், ஆறு மாதமாக உப்பில்லாமல் சாப்பிட்டவளுக்கு உப்புக் கடலை வேறு. பஸ்ஸில் நான் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். டாக்டரம்மா அதைச் சொல்லும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், அதையும் பார்த்தேன், பார்த்து என்ன பயன்.

உனக்குத் தெரியாததா, முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். மூன்றாவது மாடியில் நிற்கிறது என்றால் மூன்றாவது மாடியில்தான் நிற்க வேண்டும். கல்யாணமான புதிதில் உன் அம்மா விடைத்தாள் கட்டோடு வந்து தலைக்கு மேல் வேலை இருக்கிறது என்றாள், நான் மெஷின் ரூமிலா என்று கேட்டேன், ஏனென்றால் என் வேலை நிஜமாகவே தலைக்கு மேலே மொட்டைமாடியில்தான். தமிழ் டீச்சரைக் கட்டிக்கொண்டு உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் தெரியாமலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். நீயும் அவளும் ஜாடையில் பேசிச் சிரிக்கும்போது நான் பேப்பரைப் பிரித்துக்கொள்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அவள் எழுதின இலக்கணப் புத்தகம் அச்சாகப் போகிறது, அதைப் பிழை திருத்த அனுப்பியிருந்தார்கள். கண் இழுக்கிறது, நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள் என்றாள். பத்து நாளாகக் கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்தேன். நிலா போன்ற முகம் என்றால் உவமை, முகமே நிலா என்றால் உருவகம், இதெல்லாம் இந்த வயதில் எனக்குப் புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மங்கலம் என்கிற பாடம் வந்தது. கெட்டதை நல்ல வார்த்தையால் சொல்வதாம். இறந்தார் என்பதைத் துஞ்சினார் என்பார்கள், விளக்கை அணை என்னாமல் குளிர வை என்பார்கள், கறுப்பு ஆட்டையும் வெள்ளாடு என்பார்கள். இதென்ன கூத்து, நான் சிவப்பு விளக்கைப் பச்சை என்று சொன்னால் ஆள் லிஃப்ட் குழிக்குள் விழுந்து சாவானே என்று கேட்டேன். வெகுநாள் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, பயிற்சிக்கு இன்னொரு கேள்வி சேர்க்க வேண்டும், பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நோயாளியின் கணவரிடம் மருத்துவர் சொன்னார்: வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதெல்லாம் குடுங்க. இக்கூற்றின் நேர்ப்பொருள் யாது?

குடுங்க என்பது வரை எழுதியது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் பென்சில் நகரவில்லை. மூன்று வாரமாக ஊட்டி ஊட்டி விட்டேனே, ஒவ்வொரு வாய்க்கும் நல்லாருக்கா நல்லாருக்கா என்று கேட்டேனே, அத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அவ்ளோ சந்தோஷமா ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்தீங்க, அதக் கெடுக்க மனசு வரல" என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய், எனக்குச் சுற்றி வளைத்தால் புரியாது, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். சொன்னார்.

மகளே, உனக்கும் உள்ளபடியே எழுதுகிறேன். அம்மா பிழைக்க மாட்டாள். சில வாரங்கள்தான், அதிலும் எத்தனை என்று அவர்களுக்கே தெரியவில்லை. வர வேண்டாம் என்று உன்னைத் தடுத்தது என் முட்டாள்தனம். என் மேல் கோபப்படு, ஆனால் அதை இங்கே வந்து படு. வரும்போது சாமான் எதுவும் வாங்காதே, அந்த நேரத்தையும் அவளுக்குக் கொடு. அவள் முன்னால் அழுதாலும் பரவாயில்லை, அவளிடம் இனி யாரும் நடிக்க வேண்டியதில்லை.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும், வழித்துணையாக எங்கள் இருவர் ஆசியும் உன்னோடு வரும். கடைசியாக ஒன்று, மறக்காமல் எழுதச் சொன்னாள். உனக்கு என்ன எழுத என்று கேட்டதற்கு, "வேலையக் கெடுத்துக்க வேணாம், மெதுவா வரட்டும், எனக்கொண்ணும் அவசரமில்லைன்னு எழுதுங்க" என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். அதற்கு என்ன பொருள் என்று இப்போது எனக்கும் தெரியும். இன்றைக்கே கிளம்பு.

இப்படிக்கு,
நேர்ப்பொருள் மட்டுமே தெரிந்திருந்த
உன் அப்பா