நூற்றியெட்டாவது கொட்டை

மைனி,

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வாங்கிய புளியில் அரைக் கிலோ மிஞ்சிவிட்டது. இன்று அதை வெயிலில் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கொட்டை உருண்டு போய் உங்கள் படத்துக்குக் கீழே நின்றது. அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை. நீங்கள் இருந்தபோது சொல்லத் துணியாததை இப்போது எழுதுகிறேன். பாருங்கள் என் தைரியத்தை.

எழுபதுகளின் கடைசி அது. உங்கள் கோமுவுக்கு ஐந்து வயது. நாலு எட்டு நடந்தாலே உதடு நீலம் பாரித்துவிடும். இதயத்தில் ஓட்டை, மெட்ராசுக்குக் கொண்டுபோனாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் திருநெல்வேலி டாக்டர். அண்ணன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். நீங்கள் மட்டும் சங்கரன்கோவில் வரும்வரை, "நம்ம கோமதியம்மா இருக்கா. அவ பேரத்தான பிள்ளைக்கு வச்சிருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

கோமதியம்மன் தபசிருந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் சுற்றத் தொடங்கினீர்கள். கோயிலை நூற்றியெட்டுச் சுற்று. நாளுக்குப் பன்னிரண்டாக ஒன்பது நாள். நான் கோமுவை மடியில் வைத்துக்கொண்டு, தூணில் சாய்ந்து எண்ண வேண்டும். எனக்கும் எண்ணிக்கைக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உங்களுக்குத் தெரியாதா? பத்து தோசை சுட்டால் எட்டு என்பேன். அதனால் தினமும் பன்னிரண்டு புளியங்கொட்டையை நீங்களே எண்ணித் தந்தீர்கள். ஒரு சுற்று முடிந்ததும் இடப்பக்கக் கொட்டை ஒன்றை வலப்பக்கம் தள்ள வேண்டும். இடப்பக்கம் காலியானால் அன்றைக்கு முடிந்தது.

"ஏட்டி, பராக்குப் பாத்துக் கோட்டை விட்டுராத."

"போங்க மைனி, நான் என்ன பச்சப்பிள்ளையா?"

ஒன்பதாம் நாள் உங்கள் பாதம் கொப்பளித்துவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "இந்த வலியெல்லாம் அம்மனே வாங்கிக்கிடுவான்னுல்லா சொல்லுதாவ" என்று சிரித்தீர்கள். கோமு கொட்டைகளை அளைந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பிள்ளை சிரிக்கிறாளே என்று நானும் விட்டுவிட்டேன். இடப்பக்கம் காலியானது. "முடிஞ்சிட்டு மைனி!" என்று கத்தினேன். நீங்கள் அப்படியே உட்கார்ந்து பிள்ளையை வாரிக்கொண்டீர்கள்.

தபசு முடிந்த ஆறாம் நாள் கோமு போய்விட்டாள்.

மறுநாள் அவள் துணிகளை எடுத்துவைத்தேன். கோயிலுக்கு மட்டும் போடும் மஞ்சள் கவுனின் பையில் ஒரு புளியங்கொட்டை கிடந்தது. அதை இடப்பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் நீங்கள் சுற்றியது நூற்றியேழுதான். வலப்பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் குறை ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தீட்டுக் கழிந்து அம்மன் சன்னிதிக்குப் போனோம். நீங்கள் கும்பிடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏ தாயி, நூத்தியெட்டும் சுத்துனேம்லா? எந்தச் சுத்துல கொறை வச்சேன்? சொல்லு" என்று கேட்டீர்கள். நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடிவந்து உங்கள் வாயைப் பொத்தினேன்.

"சாமிகிட்ட வேண்டிக்கிடலாம் மைனி, கேள்வி கேக்கப்படாது."

என் கையைத் தட்டிவிட்டீர்கள். "அவ கேக்கலியாட்டி? சிவனும் பெருமாளும் ஒண்ணுதான்னு காட்டுன்னு ஊசி முனையில நின்னு கேக்கலியா? அவ கேட்டா தபசு, நான் கேட்டா பாவமாக்கும்?"

இன்னும் பலமாகப் பொத்தி உங்களை வெளியே இழுத்து வந்தேன். நாத்தனாருக்கு எவ்வளவு பக்தி என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பக்தியாவது, மண்ணாவது! அம்மன் பதில் சொல்லிவிடுவாளோ என்று நடுங்கினேன் மைனி. என் முந்தானையைக் காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்றுதான் உங்கள் வாயை அடைத்தேன்.

பிறகு நீங்கள் எதையுமே கேட்கவில்லை. வருஷா வருஷம் தபசுக் கூட்டத்தில் கை குவிக்காமல் நிற்பீர்கள். ஒரு தடவை தேங்காய் திருகிக்கொண்டே சொன்னீர்கள்: "அன்னைக்கு நீ வாயப் பொத்துனது நல்லதுதாம்ட்டி. கேட்டுட்டுப் பதில் வரலன்னா நான் எங்கன போவேன்?" அப்போது நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். பால் பொங்கவில்லை.

ஒரு சுற்று குறைந்ததற்காகப் பிள்ளையை எடுப்பவள் என்றால் அவளை எப்படிக் கும்பிட? அதற்காக எடுக்கவில்லை என்றால், பின்னே எதற்குத்தான் எடுத்தாள்? இத்தனை வருஷமும் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறேன். போன வெள்ளிக்கிழமை கேட்டே விடுவது என்று கொட்டையோடு சன்னிதியில் போய் நின்றேன். வாயைத் திறந்ததும் கை தானாக வந்து பொத்திக்கொண்டது. குங்குமத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இத்தனை வருஷமும் கிடந்தாற்போல அந்தக் கொட்டை மறுபடியும் என் குங்குமச் சிமிழில் கிடக்கிறது. தூரப்போட மனம் வரவில்லை.

நீங்கள் இப்போது கோமுவோடு இருப்பீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாள் என்று அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் சொல்ல வேண்டாம் மைனி.