பால் காய்ச்ச ஒரு வீடு

ஜூன் 8, 2025. நெய்வேலி
லீவுக்கு அம்மா வீட்டுக்கு வந்தும் நிம்மதி இல்லை. பெங்களூரு வீட்டுக்காரர் வாடகையை மறுபடி ஏற்றிவிட்டாராம். செங்கு போனில் சிரித்தான். "இங்க ஒரு ரூமுக்குக் குடுக்கற காசுல அங்க வூடே எடுக்கலாம். பேசாம தமிழ்நாட்டுக்கே வந்துடலாமாடா?"

செங்குட்டுவன் கம்மாபுரத்துக்காரன். நான் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். ஒரே பஸ் ரூட். ஆனாலும் காதலிக்க பெங்களூரு வரை போனோம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

ஜூன் 10
பெங்களூரில் எங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த நிம்மதிக்குத்தான் அவ்வளவு வாடகை. இங்கே முதலில் "எந்த பிளாக்?", அடுத்து "யார் பையன்?" இரண்டே கேள்வியில் ஜாதகமே வெளியே வந்துவிடும்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. செங்குவுக்கும் வடலூரில் ஒரு லேபில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. தடை அதெல்லாம் இல்லை. அப்பா. போன வருடம் நான் செங்குவைப் பற்றிச் சொன்னதிலிருந்து ஒரு தடவைகூட அவன் பெயரைச் சொன்னதில்லை. திட்டினாலாவது பரவாயில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை என்றால்? அதை என்னால் தாங்க முடியாது.

ஜூன் 22
செங்கு வந்தான். இந்திரா நகரில் ஒரு மாடி வீடு பார்த்தோம். வீட்டுக்கார ஆதிலட்சுமி அக்கா கீழே இருக்கிறார். "நீங்க ரெண்டு பேரும் இன்னா உறவு?" என்றார். செங்கு நிதானமாகச் சொன்னான்: "ஜோடிங்க. புருசன் பொண்டாட்டி எப்டியோ அப்டித்தான் இருக்கோம்."

அக்கா மேலும் கீழும் பார்த்தார். "முன்ன இருந்தவங்க தாலி கட்டினவங்கதான். தெனம் சண்ட போட்டுகினு கெடந்தாங்க. நீங்க தண்ணி மோட்டார மறக்காம நிறுத்துங்க, அது போதும்."

வண்டியில் திரும்பும்போது இருவரும் பைத்தியம் போலச் சிரித்தோம்.

ஜூன் 23
அம்மாவிடம் சொன்னேன். "ஆடியில குடி போகக் கூடாது. ஆவணி பொறக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19
நாள் குறித்தாயிற்று. இருபத்தெட்டாம் தேதி, காலை எட்டு மணி. அம்மா சொன்னபோது அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. "அன்னிக்கு எனக்கு முதல் ஷிப்ட்."

மைன்ஸில் சேர்ந்ததிலிருந்து யாருக்காகவும் அவர் ஷிப்ட் மாற்றியதில்லை. என் கூடப்பிறந்த அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கே அவர் பாதியில்தான் வந்தார். இப்போது ஒளிந்துகொள்ள அந்த ஷிப்ட் ஒன்று போதும். அழுகையா வருது. போங்கப்பா.

ஆகஸ்ட் 28
வீட்டுக்கு வந்த பெண்தான் பால் காய்ச்ச வேண்டுமாம். எங்களில் யார்? அடுப்பு முன்னால் "நீ ஊத்து", "நீ ஊத்து" என்று தள்ளிக்கொண்டிருந்தோம். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

படியில் செருப்புச் சத்தம். அப்பா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"ஷிப்ட்?" என்றாள் அம்மா.

"விஜயராஜ்கிட்ட மாத்திக்கிட்டேன்."

"என்னன்னு சொல்லி?"

"பையன் வீட்டுல பால் காய்ச்சுறோம்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நேரம் போகுது. ரெண்டு பேரும் சேர்ந்து ஊத்துங்கடா."

பால் கிழக்குப் பக்கம் பொங்கியதாம். அம்மாதான் சொன்னாள். எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது.

ஆகஸ்ட் 30
மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டோம். ஆதிலட்சுமி அக்கா போட்ட சத்தத்தில் எங்கள் இருவர் பெயரும் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 2
நாளைக்கு ஷிப்ட் முடிந்து அப்பா இங்கே சாப்பிட வருகிறாராம். கத்திரிக்காய் வேண்டாமாம். போன் செய்தது எனக்கு இல்லை, செங்குவுக்கு. நம்பரை எப்போது வாங்கினாரோ.