கூடம்தான் கோணல்

என் அன்பு மனைவிக்கு,

நானும் நம் வாலுப் பெண்ணும் சுகம். நீ அங்கே சுகமாக இல்லை என்பது நேற்று உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று காலை கூப்பிட்டு, கூரியர் வந்து சேரும்வரை ஆய்வுப் படிப்பிலிருந்து விலகும் கடிதத்தைக் கொடுக்காதே என்று மட்டும் கேட்டேன், சரி என்றாய். அந்த வார்த்தையை நம்பித்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்டத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள். அம்மா எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, "அம்மா தண்ணிக் குழாய்ல காது வெச்சுக் கேக்கிறதுக்குப் போயிருக்காங்க" என்றாளாம். கசிவைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி என்று நான் விளக்கிவிட்டு வந்தேன். அவள் சொன்னதே தெளிவாக இருந்தது என்று டீச்சர் சிரித்தார்.

எங்கள் பல்கலைக்கழகக் கருத்தரங்குக் கூடத்தில் இந்த வாரம் முழுக்கப் புது ஆய்வு மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. காலையில் ஆய்வு நெறிமுறை, மதியம் கட்டுரை எழுதும் முறை. முன்வரிசையில் தூங்கி, கைதட்டலில் விழித்து, முதல் கேள்வி கேட்கிற நம் பேராசிரியர் இன்னும் ஓய்வு பெறவில்லை. நேற்று உரையாற்ற வந்த ஒருவர், "சார், நான் அந்தத் தலைப்புல பேசவே இல்லையே" என்று பரிதாபமாகச் சொன்னார். "அதான் ஏன்னு கேக்கிறேன்" என்றார் இவர். சொதப்பிய இன்னொருவர் மைக் சரியில்லை என்று, மைக்கையும் திரையையும் பார்த்துக்கொள்ளும் என்னை முறைத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வழக்கம்போல என் மேசைக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் போனில் அதே பழமொழியை நீ சொன்னாய். ஆய்வுப் படிப்புக்குக் கட்டாயமான ஆறு பயிற்சிகளில் ஐந்தை முடித்துவிட்டாய். ஆறாவதன் முடிவில் துறை முழுக்க உட்கார்ந்திருக்க இருபது நிமிஷம் பேச வேண்டும், பேசாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. "மேடையேறினா அன்னிக்கு நடந்ததுதான் திரும்ப நடக்கும். ஆடத் தெரியாதவ நான், கூடத்தக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது? விட்டுட்டு வந்துடறேங்க" என்றாய். சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி போனை வைத்தேன்.

அன்றைக்கு உண்மையிலேயே கூடம்தான் கோணல். கூடத்துக்குப் பொறுப்பு நான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், உன் முதுகலைத் திட்ட உரை. முந்தின நாளே எல்லாருடைய ஃபைல்களையும் வாங்கி, வரிசைப்படி ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பது என் வழக்கம். காலையில் நீ மூச்சிரைக்க ஓடி வந்தாய். "மூணாவது வரைபடத்துல கணக்கு தப்பா இருந்துச்சு, மாத்திட்டேன். பழச எடுத்துட்டு இதப் போட்டுக்கோங்க" என்றாய். உன் கண் முன்னாலேயே பென் டிரைவிலிருந்து கணினியின் முகப்பில் இறக்கினேன். ஃபோல்டரில் இருந்த பழையதை எடுக்கவில்லை. அதற்குள் மைக் ஒன்று கத்த ஆரம்பித்தது, ஓடினேன். உன் முறை வந்தபோது கை பழக்கப்படி ஃபோல்டருக்குப் போனது. பழைய ஃபைலைத் திறந்துவிட்டேன்.

மூன்றாவது வரைபடம் திரையில் வந்ததும் நீ நின்றுவிட்டாய். "இத நீங்களே ஒரு தடவ பாத்தீங்களா இல்லையா?" என்று ஒருவர் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். "மாத்தினேனே" என்று மட்டும் சொன்னாய். அதற்கப்புறம் உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நான் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தும், உன் ஃபைல்கள்தான் ஏதோ கலந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் கணினியை அணைக்கும்போதுதான் பார்த்தேன். நீ கொடுத்த புது ஃபைல் திறக்கப்படாமல் அப்படியே கிடந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான், சத்தியமாக, இரண்டு டீ வாங்கிக்கொண்டு உன்னைத் தேடி வந்தேன். பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்க மேல தப்பில்லைங்க. நான்தான் மாத்தினத சேவ் பண்ணாம கொண்டுவந்திருக்கேன்" என்றாய். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "விடுங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன்.

அந்த டீயில்தான் நம் கதை தொடங்கியது. எல்லாரும் சிரித்த அன்று ஒருத்தர் மட்டும் ஆறுதல் சொன்னார் என்று நம் கல்யாணத்தில் உன் அண்ணனிடம் சொன்னாயே, அப்போது எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. அதற்கப்புறம் பல தடவை சொல்லிவிட மனசு வந்தது, வாய் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். எதை அனுப்பினாலும் ஏழு தடவை திறந்து பார்ப்பாய், வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாய். அதற்கு உன்னைக் கேலி வேறு செய்திருக்கிறேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

உன்னைத் தேற்றுவதற்காகக் கதை கட்டுகிறேன் என்று நீ நினைக்கக்கூடும். அதனால் இந்த உறைக்குள் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அன்று நீ கொடுத்த ஃபைலை அழிக்க மனசு வராமல் இத்தனை நாள் என் மேசை டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். திறந்து, நீ கடைசியாக சேவ் செய்த நேரத்தைப் பார். அன்று காலை எட்டு ஐம்பது. மூன்றாவது வரைபடத்தையும் பார். கணக்கு சரியாக இருக்கிறது. நீ மாற்றியிருந்தாய். மாற்றித்தான் கொண்டுவந்தாய்.

இது உன் கைக்கு வரும்போது உன் உரைக்கு ஆறு நாள் இருக்கும். அங்கே கூடத்தில் இருப்பவரிடம் பழைய ஃபைலை உன் கண் முன்னாலேயே அழிக்கச் சொல். கடைசியாக மாற்றிய பக்கத்தை ஒரு தடவை திரையில் போட்டுக் காட்டச் சொல். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. என்னிடம் நீ கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

கோபம் வரும். வரட்டும், அது எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் அந்த இருபது நிமிஷத்தை அதற்குக் கொடுத்துவிடாதே. முதலில் பேசி முடி. பிறகு என்னோடு பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய். அதுவரை நான் போன் செய்ய மாட்டேன், தினமும் வாலு செய்வாள். நீ பெரிய ஆளாக வர வேண்டும். வந்து, அந்தத் தீப்பெட்டியையாவது திறந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்று உன் ஃபைலைத் திறக்காதவன்